எட்டாவது கோலுக்குப் பிறகு

2022 ஒக்டோபர் 11, இரவு. ஏ.எல். பரீட்சை தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு நாளும் கரண்ட் வெட்டு. எங்களுடைய ரியூசன் வட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஒரு ஸ்கோர் படத்தைப் போட்டான். அமெரிக்கா 8, இந்தியா 0. பெண்களுக்கான 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம், புவனேஸ்வரில் நடந்த ஆட்டம். படத்துக்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. "கோல்கீப்பருக்குப் பதிலா ஒரு கதிரையை வைச்சிருக்கலாம்" என்று ஒருவன். "போட்டியை நடத்துற நாடெண்டு சும்மா சேர்த்தது, வேற என்ன" என்று இன்னொருவன். நாங்களும் சிரித்தோம். அதை இப்போது மறைக்க ஏலாது.

குழுவில் ஒருத்தி பாடசாலை அணியில் இரண்டு வருசம் பின்களத்தில் ஆடியவள். கனநேரம் கழித்து ஒரு வரி மட்டும் எழுதினாள்: "எட்டாவது கோல் விழுந்த பிறகு யார் ஓடினது எண்டு ஒருத்தராவது பாத்தனீங்களோ?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. ஆட்டத்தையே ஒருவரும் முழுசாகப் பார்த்திருக்கவில்லை. ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டுத்தான் பதினொரு பிள்ளைகளுக்கும் புள்ளி போட்டு முடித்திருந்தோம்.

அந்தக் கேள்வி எங்களோடு கம்பஸ் வரைக்கும் வந்தது. பதினாறு, பதினேழு, பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளைகள் நாட்டுக்காக ஆடும்போது, பார்க்கிற ரசிகர்கள் அந்த ஆட்டத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள்? அந்த அளவுகோல் எங்கேயிருந்து வந்தது? தேடிக்கொண்டு போனால் 2002ஆம் ஆண்டு கனடாவில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனெண்டால் அதற்கு முதல் இளம் பெண்களுக்கு இப்படியொரு உலகப் போட்டியே இருக்கவில்லை.

ஆண்பிள்ளைகளுக்கு இருந்தது. 20 வயதுக்குட்பட்டவர்களின் முதல் உலகப் போட்டியை பிஃபா 1977இல் துனீசியாவில் நடத்தியது. 1985இல் சீனாவில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் ஒன்று தொடங்கியாயிற்று. 1979இல் ஜப்பானில் நடந்த போட்டியில் மரடோனா என்ற பெடியன் ஆர்ஜென்டீனாவுக்குக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகு எந்த நாட்டிலும் ஒரு ரசிகர் ஒரு பதினெட்டு வயதுக்காரனைப் பார்த்தால், "இவன் அந்த வயது மரடோனா மாதிரி" என்றோ, "அவனுக்குக் கிட்டவும் வரமாட்டான்" என்றோ சொல்லலாம். ஒப்பிட ஆள் இருந்தது. ஒரு தலைமுறை பார்த்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்த பார்வை அது.

பெண்பிள்ளைகளுக்கு அந்த ஏணி கிடைக்க இன்னும் 25 வருசம் எடுத்தது. 2002 ஓகஸ்ட் 17 தொடக்கம் செப்டெம்பர் 1 வரை, 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான முதலாவது உலகப் போட்டி. பன்னிரண்டு அணிகள், மூன்று நகரங்கள்: எட்மண்டன், வன்கூவர், விக்டோரியா. பின்னைய இரண்டு இடங்களிலும் சில ஆயிரம் பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன மைதானங்கள். எட்மண்டனில் மட்டும் 1978ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டுக்காகக் கட்டிய பெரிய மைதானம்.

"ஏன் அவ்வளவு பிந்தினது? பாக்க ஆக்கள் இல்லைத்தானே" என்பது வழமையான பதில். இந்தப் பதில் பொய். வரலாறு படிக்கிற பிள்ளைகள் என்ற வகையில் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கதைக்கத்தான் வேண்டும்.

1920ஆம் ஆண்டு நத்தாருக்கு அடுத்த நாள். லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானம். ஒரு பக்கம் டிக் கேர் லேடீஸ், அதாவது பிரெஸ்டனில் முதலாம் உலகப் போரின்போது ஆயுதம் செய்த தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் அணி. மறுபக்கம் சென். ஹெலன்ஸ் பெண்கள். பார்க்க வந்தவர்கள் 53,000 பேர். உள்ளே போக இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் வேறு. நூறு வருசத்துக்கு முதல் ரசிகர்கள் தங்கள் தீர்ப்பை இப்படித்தான் சொன்னார்கள்: காசு கொடுத்து ரிக்கெற் வாங்கி, குளிருக்குள் நின்று பார்த்து.

அடுத்த வருசம், 1921 டிசெம்பர் 5ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் கூடியது. இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருத்தமில்லை என்றது. தரும காரியத்துக்குச் சேர்த்த காசில் கணக்குச் சரியில்லை என்றும் ஒரு கதையைச் சேர்த்துக்கொண்டது. தன்னுடைய கழகங்கள் எதுவும் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. பெண்கள் பூங்காக்களிலும் வெறுங்காணிகளிலும் தொடர்ந்து ஆடினார்கள்தான். ஆனால் இருக்கை இல்லாத இடத்தில் 53,000 பேர் எப்படிப் பார்ப்பது? அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது வருசம் இருந்தது.

பிரேசிலில் 1941இல், வர்காஸ் ஆட்சிக்காலத்தில் ஒரு சட்டம் வந்தது. பெண்களின் "இயல்புக்கு" ஒவ்வாத விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடக்கூடாது என்றது. அந்தச் சட்டம் 1979 வரை எடுபடவில்லை. மேற்கு ஜேர்மனியின் சங்கம் 1955இல் பெண்களை விலக்கி 1970இல்தான் கதவைத் திறந்தது. இப்போது 2002 போட்டியின் பட்டியலைப் பாருங்கள். கால் இறுதியில் இங்கிலாந்து. அரையிறுதியில் பிரேசில், ஜேர்மனி. அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் சிறுமிகளாக இருந்த காலத்தில், அந்த மூன்று நாடுகளிலும் பெண்கள் இந்தப் பந்தைத் தொடுவது தடுக்கப்பட்டோ, தடை அப்போதுதான் விலகியோ இருந்தது. அமெரிக்காவின் கதை வேறு. அங்கே 1972ஆம் ஆண்டின் ஒரு கல்விச் சட்டம், அரச பணம் பெறும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது. அதனால் பெண்பிள்ளைகளுக்கு அணியும் பயிற்றுநரும் புலமைப்பரிசிலும் கிடைத்தன. முப்பது வருசம் கழித்து முதலாவது உலகப் போட்டியின் கிண்ணம் எந்த நாட்டுக்குப் போனது என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

ஆக, எட்மண்டனில் வந்து உட்கார்ந்த ரசிகரிடம் அளவுகோல் இல்லை. முன்னால் ஓடுகிற பிள்ளையை ஒப்பிட அந்த வயதுக்காரி வேறு யாரையும் அவர் கண்டதில்லை. 1999இல் அமெரிக்காவில் நடந்த பெரியவர்களின் உலகக் கிண்ண இறுதியாட்டத்தை 90,000க்கு மேற்பட்டோர் நேரில் பார்த்தார்கள், அது சரி. ஆனால் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்கள்? அப்படியொரு விசயம் உலக மட்டத்தில் அப்போதுதான் பிறந்திருந்தது.

எங்களுக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். அளவுகோல் இல்லாத ரசிகர் வேறு வழியில்லாமல் ஆட்டத்தைப் பார்த்தார்.

கனடாவின் எல்லா ஆட்டங்களும் எட்மண்டனில்தான். அணித்தலைவி கிறிஸ்டின் சின்கிளயருக்கு 19 வயது. 16 வயதிலேயே பெரியவர்களின் தேசிய அணிக்கு ஆடத் தொடங்கியவர். இங்கிலாந்துக்கு எதிரான கால் இறுதியில் கனடா 6–2 என்று வென்றது. ஆறில் ஐந்து கோல் அவருடையது. பக்கத்தில் ஆடிய காரா லாங்குக்கு வயது பதினைந்து. பதினைந்து! எங்களில் பலர் அந்த வயதில் பி.ரி. பாடத்துக்கு "வயிற்று நோ" கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அரையிறுதியில் பிரேசில். அந்த அணியில் மார்த்தா என்ற பதினாறு வயதுப் பிள்ளை. அலகோவாஸ் மாநிலத்தின் டொய்ஸ் ரியாச்சோஸ் என்ற வறண்ட சின்ன ஊரில் பெடியளோடு ஆடி வளர்ந்து, பதினான்கு வயதில் மூன்று நாள் பஸ் பயணம் செய்து ரியோவுக்கு விளையாடப் போனவர். 37,194 பேர் வந்திருந்த அந்த ஆட்டம் 1–1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. 4–3 என்று கனடா வென்றது. வெற்றியைத் தீர்மானித்த உதையை அடித்தவர் சாஷா அண்ட்ரூஸ். எட்மண்டன் ஊர்ப்பிள்ளை, சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால்.

அரையிறுதிக்கு 37,194. சில நாள் கழித்து இறுதியாட்டத்துக்கு 47,784. இந்த இரண்டு எண்களையும் நாங்கள் கனக்கத் தடவை பார்த்திருக்கிறோம். இடைப்பட்ட நாட்களில் பத்தாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். இறுதியாட்டம் என்றால் சனம் கூடும்தான், சொந்த நாடு என்றால் இன்னும் கூடும்தான். அதையெல்லாம் கழித்துவிட்டாலும், அந்த ஊரில் வேலையிடத்திலும் வீட்டு முற்றத்திலும் யாரோ யாருக்கோ "நீ வந்து பார்" என்று சொல்லாமல் இது நடந்திருக்காது. பத்துக்கு ஏழு, பத்துக்கு ஆறரை என்று இப்போது ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் புள்ளி போடுகிறார்களே, அதைவிட "வந்து பார்" என்பது பெரிய புள்ளி.

செப்டெம்பர் 1. கனடாவும் அமெரிக்காவும். 90 நிமிடத்தில் கோல் இல்லை. அந்தக் காலத்தில் "தங்க கோல்" என்றொரு விதி இருந்தது. மேலதிக நேரத்தில் முதல் கோல் விழுந்த கணத்தில் ஆட்டம் முடிந்துவிடும், எதிரணிக்குத் திருப்பி அடிக்க நேரம் கிடையாது. (கொடுமையான விதி. 2004இல் அதைக் கைவிட்டார்கள்.) 109ஆவது நிமிடத்தில் அமெரிக்க அணித்தலைவி லிண்ட்சி டார்ப்லி அடித்தார். முடிந்தது. கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் சமமாக நின்ற ஒரு அணி, ஒரு உதையோடு தோற்ற அணி ஆனது.

சின்கிளயர் பத்துக் கோல்களோடு போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் கூடுதல் கோல் அடித்தவருக்கான விருதையும் பெற்றார். கிண்ணம் மற்றப் பக்கம் போனது. இறுதியாட்டத்தின் ஸ்கோரை மட்டும் பார்த்து ஒருவர் புள்ளி போட்டிருந்தால், அவர் அண்டைக்குச் சின்கிளயருக்குப் பூச்சியம்தான் போட்டிருப்பார். அவர் அந்த ஆட்டத்தில் கோல் அடிக்கவில்லை.

இளையோர் போட்டிகளைப் பார்க்கிற ரசிகர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாங்களும் அதில் சேர்த்திதான். கண்ணுக்கு முன்னால் நடக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு, பத்து வருசம் கழிந்து நடக்கப்போவதைச் சாத்திரம் சொல்வது. "இவள் பெரிய ஆளாய் வருவாள்." "இவளுக்கு உயரம் காணாது, சரிவராது." எட்மண்டன் பிள்ளைகளை வைத்து அந்தச் சாத்திரத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

சின்கிளயர் விசயத்தில் சாத்திரம் பலித்தது. 2023 டிசெம்பரில் ஓய்வு பெறும்போது நாட்டுக்காக 190 கோல்கள் அடித்திருந்தார். ஆணோ பெண்ணோ, சர்வதேச ஆட்டங்களில் அவ்வளவு கோல் அடித்தவர் வேறு யாரும் இல்லை. தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார், 38 வயதில். மார்த்தா 2006 தொடக்கம் 2010 வரை தொடர்ந்து ஐந்து தடவை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவானார், 2018இல் ஆறாவது தடவையும். ஆனால் உலகக் கிண்ணம் கைக்கு வரவேயில்லை. 2002இல் அவருடைய முதல் சுற்று ஆட்டங்கள் அந்தச் சின்ன மைதானங்களில்தான். அங்கே வந்த சில ஆயிரம் பேர் என்ன கண்டார்கள் என்று எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

டார்ப்லி 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில், மார்த்தா ஆடிய பிரேசிலுக்கு எதிராக அமெரிக்காவின் முதல் கோலை அடித்தார். 2008இலும் தங்கம். ஆனால் முழங்கால் காயங்கள் அவருடைய ஆட்டத்தைச் சுருக்கின. காரா லாங்கின் கதை இன்னும் கெதியாக முடிந்தது. பதினைந்து வயதில் ஒரு நாடே வாயைப் பிளந்து பார்த்த பிள்ளை, 2011 ஜனவரியில் 24 வயதில் ஓய்வை அறிவித்தார். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் இரண்டு தடவை அறுந்திருந்தது. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரருக்குக் கூடுதலாக வருகிறது என்பது இப்போது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விசயம். அதற்கேற்ற சப்பாத்து, பயிற்சி, ஆராய்ச்சி எல்லாம் பிந்தித்தான் வந்தன, வந்துகொண்டிருக்கின்றன. கதிரையில் இருந்து சாத்திரம் சொல்கிறவனுக்கு முழங்கால் தெரியாது.

அப்படியென்றால் லாங் "எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை" என்று எழுதலாமா? அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்த வசனமே பிழையாகப் படுகிறது. எதிர்பார்ப்பு ரசிகர்களுடையது. பதினைந்து வயதில் அவர் ஆடினார், அது நடந்த விசயம், முடிந்த விசயம். அதற்குரிய புள்ளியை 2011இல் போய்த் திருத்த ஏலாது.

2002க்குப் பிறகு ஏணி மெல்ல மெல்ல நீண்டது. 2004இல் தாய்லாந்து. 2006இல் வயதெல்லை இருபதாகி ரஷ்யா. 2008இல் நியூசிலாந்தில் 17 வயதுக்குட்பட்டவர்களுக்கும் தனிப் போட்டி. அந்த முதலாவது 17 வயதுக் கிண்ணத்தை வென்றது வட கொரியா, இறுதியில் அமெரிக்காவை மேலதிக நேரத்தில் 2–1 என்று வீழ்த்தி.

வட கொரியாவைப் பற்றிக் கதைக்காமல் இளம் பெண்களின் உதைபந்தாட்டத்தைக் கதைக்க ஏலாது. 2006, 2016, 2024இல் 20 வயதுக்குட்பட்டோர் கிண்ணம். 2008, 2016, 2024, 2025இல் 17 வயதுக்குட்பட்டோர் கிண்ணம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தை வெளிநாட்டு ரசிகர்கள் மதிப்பிடுகிற விதத்தைக் கவனியுங்கள். "மெசின் மாதிரி", "ரோபோ மாதிரி", "ஒரே மாதிரி ஓடுதுகள்." கொலம்பியாவில் 2024இல் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் சோ இல்-சொன் இறுதியாட்டத்தின் ஒரே கோலை ஜப்பானுக்கு எதிராக அடித்தார். சிறந்த ஆட்டக்காரர், கூடுதல் கோல் இரண்டு விருதும் அவருக்குத்தான். ஒரு எதிராளியைத் தோளால் உருட்டிவிட்டு இடது காலுக்குப் பந்தை எடுத்து அடிக்கிற ஒரு பிள்ளையை எந்த மெசினோடு ஒப்பிடுவது? ஆட்டக்காரியின் பெயர் வாயில் வரவில்லை, ஊர் தெரியவில்லை, சமூக ஊடகத்தில் படமில்லை. அந்த இடைவெளியை ரசிகர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு நாட்டுப் படத்தால் நிரப்பிவிடுகிறார்கள். 2011க்குப் பிறகு 2023 வரை பெரியவர்களின் உலகக் கிண்ணத்தில் வட கொரியாவைக் காணவில்லை. அதனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று பார்க்கவும் வழியில்லை. அந்த நாட்டு அரசைப் பற்றி எங்களுக்கும் ஒரு நல்ல அபிப்பிராயமும் கிடையாது. ஆனால் பந்து அரசின் காலில் இருக்கவில்லை.

இனி எங்களுடைய அந்த இரவுக்கு வருவோம். புவனேஸ்வர், 8–0.

"போட்டியை நடத்துற நாடெண்டு சேர்த்தது" என்று எங்களில் ஒருவன் எழுதினதில் உண்மை இருக்கிறது. இந்தியா நடத்துகிற நாடு என்பதால் நேரடியாக உள்ளே வந்தது. 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணி உலகக் கிண்ணத்தில் ஆடியது அதுதான் முதல் தடவை. ஆனால் மிச்சக் கதையை நாங்கள் அறிந்திருக்கவில்லை. அந்த உலகக் கிண்ணம் உண்மையில் 2020 நவம்பரில் நடக்க இருந்தது. கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போட்டார்கள், பிறகு இரத்துச் செய்தார்கள். 2022 போட்டியை இந்தியாவுக்குக் கொடுத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் ஒரு நாட்டுக்கு ஒன்றும் குறையவில்லை. பிள்ளைகளுக்குக் குறைந்தது. 2003, 2004இல் பிறந்து 2020 போட்டிக்காகவே தயாரான பிள்ளைகள் 2022இல் பதினேழைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 2005க்குப் பிறகு பிறந்தவர்களைத் தேடிப் புதிதாக ஒரு அணியைச் சேர்க்க வேண்டியிருந்தது. பரீட்சை தள்ளிப்போனதுக்கே நாங்கள் எவ்வளவு புலம்பினோம்! அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சையே இல்லாமல் போனது.

இதோடு முடியவில்லை. 2022 ஓகஸ்ட் நடுப்பகுதியில், நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி பிஃபா இந்தியச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. உலகக் கிண்ணமே இந்தியாவை விட்டுப் போய்விடும் என்ற நிலை. அதே மாதக் கடைசியில் இடைநிறுத்தத்தை நீக்கினார்கள். போட்டிக்கு ஆறு கிழமை இருக்கும்போது, சொந்த நாட்டில் ஆடுவோமா இல்லையா என்று தெரியாமல் பயிற்சி எடுத்த பதினாறு வயதுப் பிள்ளைகள் அவர்கள்.

எதிரே வந்தது யார்? 2002இலேயே ஏணியின் உச்சியில் நின்ற அமெரிக்கா.

அணித்தலைவி அஸ்தம் ஒராவ்ன், ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பழங்குடிப் பிள்ளை. அவர் தலைவியானதும் மாவட்ட நிர்வாகம் அவருடைய பெயரில் வீட்டுக்கு ஒரு வீதி போடத் தொடங்கியது. அந்த வீதி வேலையில் நாட்கூலிக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் அவருடைய அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். இந்தச் செய்தியை வாசித்த நாள் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டோம். சிரிக்கிற முகம் ஒன்றும் விழவில்லை, வேறு எதுவும் விழவில்லை.

இப்படி எழுதினால் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "பாவம் பிள்ளைகள், கஷ்டப்பட்டு வந்தவை" என்று அனுதாபப் புள்ளி போடுவதும் ஆட்டத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு இன்னொரு வழிதான். எங்கட தோழி, அந்தக் கேள்வியைக் கேட்டவள், இதைத்தான் பிறகு சொன்னாள். அவள் ஆடின காலத்தில் ஊர்ச்சனம் அவளுக்கு இரண்டு விதமாகத்தான் கதைக்குமாம். ஒன்று, "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை." மற்றது, "பொம்பிளைப் பிள்ளையா இருந்தும் எவ்வளவு கெட்டித்தனம்." ஒரு நாளாவது ஒருத்தர், "நீ அந்த மூலையில முன்னுக்கு ஏறியிருக்கக்கூடாது, உனக்குப் பின்னால இடம் திறந்து போச்சு" என்று சொல்லமாட்டாரா என்று இருந்ததாம்.

ஆகவே சொல்லவேண்டியதைச் சொல்லுவோம். அமெரிக்க ஆட்டத்தில் இந்தியாவின் பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையில் பெரிய வெளி இருந்தது. பந்து கிடைத்தவுடன் அதை வைத்திருக்க ஆளில்லை, பயத்தில் தூர அடித்தார்கள், அது உடனே திரும்பி வந்தது. மொரோக்கோவிடம் 3–0. அதுவும் தோல்விதான், ஆனால் மூன்று நாளில் எட்டு மூன்றானது. மொரோக்கோவுக்கும் அது முதலாவது உலகக் கிண்ணம். பிரேசிலிடம் 5–0. மூன்று ஆட்டம், 16 கோல் வாங்கி ஒன்றும் அடிக்கவில்லை. நல்ல ஆட்டம் என்று சொல்ல ஏலாது. ஆனால் கதிரையை வைத்திருந்தால் பதினாறோடு நின்றிருக்காது.

அதே போட்டியின் இறுதியாட்டம் ஒக்டோபர் 30, நவி மும்பையில். ஸ்பெயினும் கொலம்பியாவும். எல்லார் கண்ணும் கொலம்பியாவின் லிண்டா கைசெடோவில். அதே வருசத்தில் பெரியவர்களின் கோப்பா அமெரிக்காவிலும், 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்திலும் ஆடிவிட்டு மூன்றாவதாக இங்கே வந்திருந்தார். பதினைந்து வயதில் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். 82ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது கொலம்பியாவின் பின்கள ஆட்டக்காரி அனா குஸ்மனில் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் போனது. 1–0. ஸ்பெயின் கிண்ணத்தை எடுத்தது. உலகக் கிண்ண இறுதியில் தன் வலைக்கே கோல் போட்ட பதினேழு வயதுப் பிள்ளை. அண்டைக்கு அந்த ஆட்டத்துக்குப் புள்ளி போட்டவர்கள் அவருக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

பத்து மாதம்கூட ஆகவில்லை. 2023 ஓகஸ்ட் 8, மெல்பேர்ன். பெரியவர்களின் உலகக் கிண்ணம், கொலம்பியாவும் ஜமேக்காவும். இந்த ஆட்டத்தை நாங்கள் நேரலையில், முழுசாகப் பார்த்தோம், தோழியும் பக்கத்தில். இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு பந்து மைதானத்தைக் குறுக்கறுத்து உயரமாக, நீளமாக வந்தது. ஓடிவந்த கத்தலினா உஸ்மே அதை அப்படியே காலில் எடுத்து வலைக்குள் போட்டார். ஒரே கோல். கொலம்பியப் பெண்கள் வரலாற்றில் முதல் தடவையாக உலகக் கிண்ணக் கால் இறுதிக்குப் போனார்கள்.

கமெரா உஸ்மேயின் பின்னாலேயே ஓடியது. "அவவை விடு, பந்து போட்டது ஆர் எண்டு காட்டச் சொல்லு" என்று தோழி கத்தினாள். மீள் ஒளிபரப்பில் காட்டினார்கள். அனா குஸ்மன்.